மூஞ்சிதான் தெரியல

கொடைக்கானல் ஏழு ரோட்டில் விடியற்காலையில் ஒரு தூய்மைப் பணியாளர் பெருக்கும் படம் எங்கள் கைப்பேசிகளுக்கு வந்தது. மூடுபனி, தெருவிளக்கு, குனிந்த உருவம். 'அருமையான படம்' என்றுதான் நாங்களும் சொன்னோம். படத்திலிருந்த அக்காவிடமே காட்டினோம். "அழகாத்தான் இருக்கு தம்பி. பனி தெரியுது, வெளக்குமாறு தெரியுது. என் மூஞ்சிதான் தெரியல" என்றார். எங்களுக்கு வெட்கமாகிவிட்டது. எடுத்தவர் அவரிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லையாம்.

மதுரைக்காரர் எம். பழனிகுமாரை நினைத்துக்கொண்டோம். திவ்யபாரதியின் 'கக்கூஸ்' (2017) ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். கையால் மலம் அள்ளும் வேலையை 2013 சட்டம் தடைசெய்த பிறகும் மலக்குழியில் உயிர்விட்டவர்களின் குடும்பங்களைத் தேடிப்போய்ப் படமெடுத்தவர். அவர் படங்களில் முகங்கள் இருக்கின்றன.

பனியும் குனிந்த முதுகும் இருந்தால் 'கலை', முகமும் கேள்வியும் இருந்தால் 'பிரச்சாரம்' என்று பிரிக்கிறவர்கள் உண்டு. ஒளியும் கோணமும் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. படத்திலிருப்பவர் அதைப் பார்த்து 'இது நான்' என்று சொல்ல முடிகிறதா என்பதும் கலையின் தரத்தில் சேர்த்திதான் என்கிறோம்.

அடுத்த வாரம் அக்கா நிற்கச் சொன்ன இடத்தில் நின்று ஒரு படம் எடுத்தோம். கொஞ்சம் மங்கல்தான். வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார்.