கடலைக் காட்டாத ரயில்

கடற்கரை ஊருக்கு ரயிலில் போகிறோம் என்றால், ஜன்னலோரமாகக் கடலும் கூடவே ஓடிவரும் என்று மனம் ஆசைப்படுகிறது. ராமேஸ்வரத்துக்குப் போகிறவர்களுக்குப் பாம்பனில் அந்தப் பாக்கியம் உண்டு. புதுச்சேரிக்குப் போகிறவர்களுக்கு இல்லை. விழுப்புரத்தில் பிரிந்து கிழக்கே வருகிற கிளைப் பாதை அது. ஏறக்குறைய 38 கிலோமீட்டர். கரும்பு தெரியும், நெல் தெரியும், சவுக்குத் தோப்பு தெரியும். நடுவில் சின்னபாபுசமுத்திரம் என்று ஒரு ஸ்டேஷன் வரும். சமுத்திரம் பெயரோடு சரி. வில்லியனூரும் கடந்து, வண்டி புதுச்சேரியில் நின்று, இதற்கு மேல் தண்டவாளமே இல்லை என்று ஆன பிறகும் கடல் கண்ணில் படாது. இறங்கிக் கிழக்கே நடக்க வேண்டும்.

1879இல் இந்தப் பாதை திறக்கப்பட்டபோது விழுப்புரம் ஆங்கிலேயர் வசம், புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் வசம். ஒரே வயல்வெளியை இரண்டு சாம்ராஜ்யங்கள் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. நடுவிலே சுங்கச் சோதனை. அந்தக் காலத்தில் கப்பலில் வந்தவர்களுக்குக் கடல் முதலில், ஊர் பிறகு. 1910 ஏப்ரலில் அரவிந்தர் அப்படித்தான் வந்து சேர்ந்தார். நிலத்தின் வழியாக வந்தவர்களுக்கு ஊர் முதலில், கடல் கடைசியில். 1908இல் பாரதியார் இங்கே வந்து பத்து வருஷம் தங்கினார். 1918 நவம்பரில் எல்லை தாண்டியதும் கைதானார். அவருக்கு இந்தக் கடற்கரை வேடிக்கை பார்க்கிற இடமல்ல. மூச்சுவிடக் கிடைத்த இடம்.

இதே பாதையில் ஒரு ராஜரதமும் வந்து போயிருக்கிறது. கர்நாடகத்தின் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 2008இல் 'கோல்டன் சாரியட்' என்ற சொகுசு ரயிலை விட்டது. ஹம்பியில் இருக்கிற கல்ரதத்தை நினைத்து வைத்த பெயர். பெட்டிகளுக்குக் கதம்பர், கங்கர், ஹொய்சளர் என்று கன்னட நாட்டை ஆண்ட வம்சங்களின் பெயர்கள். சாப்பாட்டு வண்டிகளில் ஒன்றுக்கு நள மகாராஜாவின் பெயர், பொருத்தம்தான். உடற்பயிற்சிக்குக்கூட அதில் இடம் உண்டு. தெற்கே வருகிற அதன் பயணத் திட்டத்தில் சில வருஷங்கள் புதுச்சேரியும் சேர்ந்திருந்தது. நான் அதில் ஏறியதில்லை. ஏறும்படியான சன்மானத்தை எந்தப் பத்திரிகையும் எனக்குக் கொடுத்ததில்லை.

அந்த ரதம் வந்து போய்க்கொண்டிருந்த நாட்களில், ஒரு காலை, விழுப்புரத்திலிருந்து பாசஞ்சர் வண்டியில் புதுச்சேரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். வில்லியனூரில் ஒரு கிழவி பூக்கூடையோடு ஏறி எதிரே உட்கார்ந்தாள். பேச்சு எப்படியோ ராஜரதத்துக்கு வந்தது. ஸ்டேஷனில் அது நின்றதைப் பேரன் பார்த்துவிட்டு வந்து சொன்னானாம்.

"அந்த வண்டியில வந்தா கடல் தெரியுமா, ஐயா?"

"தெரியாது, ஆயா. அதுவும் இந்தத் தண்டவாளத்தின் மேல்தானே வரவேண்டும்?"

"அவ்வளவு துட்டு குடுத்துமா?" என்று சிரித்தாள்.

"இறங்கின பிறகு பஸ்ஸில் அழைத்துக்கொண்டு போய்க் காட்டுவார்கள்."

"பாக்கட்டும், பாக்கட்டும். அவங்களுக்குப் பொழுது இருக்குது" என்றாள். பொறாமை கொஞ்சமும் இல்லாத குரல். "நான் தினம் இந்த ஊருக்கு வரேன். வண்டிய விட்டா பெரிய மார்க்கெட்டு, மார்க்கெட்ட விட்டா வண்டி. கடலப் பாத்து எத்தினி வருஷமாச்சோ. என் தங்கச்சி கல்யாணத்தப்போ எல்லாரும் போயி மணல்ல குந்திக்கிட்டிருந்தோம். அந்த மணல் இருக்குதா, ஐயா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "இப்போது கல் போட்டிருக்கிறார்கள், ஆயா" என்றேன்.

"கல்லா? எதுக்கு?"

அதற்குள் வண்டி நின்றுவிட்டது. கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

அவளிடம் சொல்ல முடியாமற் போன பதிலை உங்களிடம் சொல்கிறேன். இந்தக் கரையில் அலையோடு மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்ந்துகொண்டே இருக்கிறது. 1980களில் ஊருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆறு கடலில் சேருகிற இடத்தில், துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்லணைகள் நீட்டினார்கள். வடக்கே வரவேண்டிய மணல் அங்கேயே தேங்கிவிட்டது. வரவு நின்றுபோன வீட்டில் என்ன நடக்கும்? இருப்பும் கரையும். அலை பழைய மணலைக் கொண்டுபோயிற்று. ஊரையும் கொண்டுபோய்விடக் கூடாதே என்று பாறாங்கற்களைக் கொட்டினார்கள். ஊர் பிழைத்தது, அரிப்பு வடக்கே மீனவர் குப்பங்களுக்குப் போயிற்று. 2018இல் கடலுக்குள் ஒரு செயற்கைத் திட்டு அமைத்த பிறகு, தலைமைச் செயலகத்துக்கு எதிரே கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது.

ரதத்தில் வந்தவர்கள் அந்தக் கருங்கற்களையும், அவற்றின் மேல் சிதறுகிற நுரையையும் பார்த்து அழகு என்றிருப்பார்கள். அழகுதான், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே என்ன இல்லாமற் போயிற்று என்பது, முன்பு அந்த மணலில் உட்கார்ந்தவளுக்குத்தான் தெரியும். அவளுக்கோ வந்து பார்க்கப் பொழுது இல்லை. மெத்தையும் குளிர்காற்றும் சொகுசு என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கடலைப் பார்த்தபடி அரை மணி சும்மா உட்கார முடிகிறதே, அதைவிடப் பெரிய சொகுசு ஏது?

அன்று என் வேலை முடிந்து, ஸ்டேஷனுக்கு அருகிலுள்ள இருதய ஆண்டவர் கோயிலைத் தாண்டிக் கடற்கரைக்கு நடந்தேன். அந்தச் சாலையில் மாலை ஆறு மணிக்கு மேல் வண்டிகளை விடுவதில்லை. காந்தி சிலையைச் சுற்றிக் குழந்தைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஊரில் பாதி ஜனம் கைப்பிடிச் சுவர் மேலும் கற்கள் மேலும் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டிருந்தது. டிக்கட் இல்லை, கட்டணம் இல்லை.

அந்த நேரத்தில் பூக்காரக் கிழவி வில்லியனூரில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்திருப்பாள்.