கிடர்பூரில் ஒரு நொச்சி வேலி

கொல்கத்தா மாநகரின் தென்மேற்கே, ஊக்ளி ஆற்றை ஒட்டி அமைந்தது கிடர்பூர். 1892-இல் திறக்கப்பெற்ற கப்பல் துறையால் பெயர் பெற்ற பகுதி இது. அதனை அடுத்த கார்டன் ரீச்சில் தென்கிழக்கு இரயில்வேயின் தலைமை அலுவலகம் உள்ளது. 1955-இல் அவ்விரயில்வே தோன்றுவதற்கு முன்னரே, பெங்கால் நாகபுரி இரயில்வேயின் நாளிலிருந்து, தென்னாட்டவர் பலர் இங்குப் பணிபுரிந்து வந்துள்ளனர். நாமும் அவ்வழியில் வந்து சேர்ந்த ஓர் எழுத்தரே.

வெளியூரில் வாழும் நம்மவர்க்கு நல்ல வாடகை வீடு கிடைப்பது அரிது. கொல்லையுள்ள வீடு அதனினும் அரிது. நமக்கு அது வாய்த்தது. ஆயின் நம் கொல்லைக்கும் வடபுறத்து வங்காளியர் முற்றத்துக்கும் நடுவே முழங்காலளவு சுவரே இருந்தது. குழாயடியோ அச்சுவரின் ஓரத்தில். ஊரிலிருந்து வந்து நம்மோடு தங்கிய அன்னையார், பிறர் கண்ணிற் படாமல் நீராட வேண்டி, மார்கழிக் குளிரிலும் நான்கு மணி இருளில் எழுந்தார். அவர் காய்ச்சலில் படுத்த பின்னரே மறைப்பின் இன்றியமையாமை நமக்கு உறைத்தது.

முதலில் கித்தான் கட்டினோம். சித்திரையில் வீசும் கால வைசாகிக் காற்று ஒரே மாலையில் அதனைக் கிழித்தெறிந்தது. செடியே வழி எனத் தெளிந்து, அலிப்பூரில் உள்ள வேளாண் தோட்டக்கலைச் சங்கத்துக்குச் சென்றோம். வில்லியம் கேரி 1820-இல் நிறுவிய சங்கம் அது. அங்கே கண்டவற்றுள் எதைக் கொள்வது, எதை விடுவது என்று மயங்கினோம்.

மூங்கில் விரைந்து வளரும். ஆயினும் புதர் பருத்துச் சிறு கொல்லையில் பாதியை விழுங்கிவிடும். அரளி அழகியது, ஆனால் வேர் முதல் பூ வரை நஞ்சு. குழந்தை தவழும் வீட்டிற்கு அது வேண்டா. நெட்டிலிங்கமே தக்கது என்று நாம் முடிவு செய்தோம். சுவர்போல் நெருங்கி உயர்ந்து நிற்குமன்றோ!

அன்னையார் தடுத்தார். பக்கத்து வீட்டு மூதாட்டியை நாம் 'மாசிமா' என்று அழைப்போம். தாயின் உடன்பிறந்தாள் என்பது பொருள். அவர் குளிர்காலத்தில் பருப்பை அரைத்து, நம் வடகம் போன்ற 'போரி'யைக் கிள்ளி வைத்து முற்றத்தில் உலர்த்துவார். "நம் மறைவுக்காக அவள் வெயிலை மறைக்கலாமா?" என்றார் அன்னையார். எண்ணிப் பார்த்தோம். மார்கழியில் இவ்வூரில் உச்சி வேளையிலும் கதிரவன் 44 பாகையளவே உயர்கிறான். நிழல் வடக்கே சாயும். ஆறடி வேலியின் நிழல் ஆறடியைச் சற்றே கடந்து, அவர்கள் முற்றத்தின் விளிம்போடு நின்றுவிடும். இருபதடி மரமாயின் முற்றம் முழுதும் இருண்டுவிடும்.

ஆகவே ஆளுயரம் வளரும் நொச்சியைத் தேர்ந்தோம். ஆனி மாதம் ஊருக்குச் சென்று திரும்புகையில், போத்துகளை ஈரச் சாக்கில் சுற்றி இரயிலில் கொணர்ந்து நட்டோம். ஆடி மழையில் கொல்லையில் மூன்று நாள் நீர் நின்றது. அத்தனையும் அழுகின.

மாசிமா இதைச் சுவருக்கு அப்பாலிருந்து கண்டார். மறுநாள் தம் வீட்டுப் பின்புறத்திலிருந்து ஒரு கட்டுப் போத்து ஒடித்துக் கொடுத்து, 'நிஷிந்தா' என்றார். இலையைக் கசக்கி முகர்ந்தோம், நொச்சியேதான்! அவர் 'பாசக்' என்று கொடுத்ததும் நம் ஆடாதோடையே. ஆயிரம் மைல் சுமந்து வந்தது, அடுத்த வீட்டிலேயே வேறு பெயரில் வளர்ந்திருந்தது.

இம்முறை ஓரடி உயரம் வரப்புக் கட்டி, அதன்மேல் இரண்டு வரிசையாக, ஒன்றரை அடிக்கு ஒன்றாக, வரிசைக்கு வரிசை இடம் மாற்றி நட்டோம். ஓரடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளினோம். அப்போதுதான் அடியிலிருந்து கிளைக்கும். வேலியின் அடி அகன்றும் தலை குறுகியும் இருக்குமாறு வெட்டி வந்தோம். இன்றேல் கீழிலைகள் வெயிலின்றி உதிர்ந்து, மறைக்க வேண்டிய இடமே வெளியாகிவிடும். நொச்சியையும் ஆடாதோடையையும் தெருவில் திரியும் ஆடுகள் தீண்டுவதில்லை. ஓரத்தில் ஒரு நந்தியாவட்டையும் வைத்தோம்; அதன் பூக்களை இரு வீட்டாரும் பூசைக்குப் பறிக்கிறோம்.

மதில் காத்த பண்டைத் தமிழ் வீரர் நொச்சிப் பூச் சூடினர் என்பர். நம் வீட்டிலோ நொச்சியே மதிலாயிற்று. இரண்டு மழைக்காலங்கள் கடந்தன. இப்போது அன்னையார் நன்கு விடிந்து வெயில் ஏறிய பின்னரே நீராடுகிறார்.

கார்த்திகை பிறந்ததும் ஆறடிக்கு மேல் வளர்ந்ததை வெட்டிவிடுகிறோம். மறுநாள் மாசிமாவின் போரித் தட்டுகள் முற்றத்திற்கு வந்துவிடும்.