சீதார்குண்டு அடிவாரத்தில் ஒரு நாள்

கொல்லங்கோட்டில் குடியேறியுள்ள நம்மவருள் அநேகர், தென்திசையில் மதில்போல் எழுந்து நிற்கும் நெல்லியாம்பதி மலையை நாள்தோறும் காண்கின்றனரேயன்றி, அதன் அடிவாரத்துக் காட்டில் நடந்தவரல்லர். மலையுச்சிக்கு மோட்டாரில் செல்வோர் நெம்மாறை, போத்துண்டி வழியாகச் சுற்றிச் செல்வர். நம் ஊர்ப் பக்கத்திலிருந்து காலால் நடப்பதற்குரியது சீதார்குண்டு அருவியின் அடிவாரமே.

சென்ற ஐப்பசியில் ஓய்வுநாள் ஒன்றில் அங்குச் சென்றேன். மலையாளப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வாசிக்கும் என் மகனும் உடன் வந்தான். அவனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. ஊரிலிருந்து அவன் பாட்டி எழுதும் கடிதங்களை நானே படித்துக் காட்டுகிறேன். கற்பிக்க உட்கார்ந்தாலோ, "எனக்கு இது எதற்கு அப்பா?" என்று எழுந்து போய்விடுவான். ரயில்வே குமாஸ்தாவாகிய நான் கணக்குக்கு விடை சொல்வேன். இக்கேள்விக்கு விடை சொல்ல அறியேன்.

பனைகள் வரிசையாய் நிற்கும் நெல்வயல்களைக் கடந்ததும் நிழல் தொடங்கியது. மழை விட்டு இரண்டு நாளாகியும் இலைகள் சொட்டிக்கொண்டிருந்தன. எனக்குத் தெரிந்த மரங்களின் பெயரைச் சொல்லிக்கொண்டே நடந்தேன். தேக்கு, மருது, நெல்லி, ஈட்டி என்றேன். "எங்களுக்கும் அதே பெயர்தான்" என்றான். நாவல் என்றேன், ஞாவல் என்றான். வேங்கை என்றதும் வேங்ங என்றான். பிறகு தானே நின்று, "பனை, பன, மலை, மல, தலை, தல. நீங்கள் ஐ என்று முடிப்பதை நாங்கள் அ என்று முடிக்கிறோம்" என்றான். எந்த உபாத்தியாயரும் அவனுக்கு இதைச் சொன்னதில்லை.

அருவியோசை கேட்டபோது, குண்டு என்றால் வெடிகுண்டா என்று வினவினான். பழந்தமிழில் குண்டு என்பது ஆழத்தைக் குறிக்கும். இன்றைய பேச்சில் அப்பொருள் மங்கிவிட்டது. மலையாளத்திலோ இன்றும் பள்ளத்திற்குக் குண்டு என்றே பெயர். நாம் மறந்ததை அவர்கள் புழங்குகின்றனர். வனவாசத்தின்போது சீதாபிராட்டி இங்குத் தங்கினாள் என்பது ஊரார் வழக்கு.

இம்மலைகளின் நீர் காயத்ரிப்புழையில் சேர்ந்து, மாயன்னூரில் பாரதப்புழையோடு கலந்து, பொன்னானியில் கடலை அடைகிறது. மேட்டிலிருந்து வடக்கே நோக்கினால் பாலக்காட்டுக் கணவாயின் சமவெளி விரியும். கீழ்த்திசைக் காற்றும், தமிழ்நாட்டு வணிகரும், நெசவாளரும் புகுந்த வாசல் அது. பொள்ளாச்சியிலிருந்து 1932இல் வந்த இருப்புப்பாதையும் அவ்வழியேதான். 2015 முதல் அதில் அகலப்பாதை வண்டிகள் ஓடுகின்றன. 1956 நவம்பர் 1 வரை இவ்வூரும் சென்னை ராஜ்யத்தில், மலபார் ஜில்லாவில் இருந்தது என்றேன். அச்செய்தியை அவன் பெரிதாக எண்ணவில்லை. மரங்களின் பெயர்களே அவன் மனத்தில் நின்றன.

அன்றிரவு, 'மலை' என்று எழுதிக் காட்டச் சொன்னான். என் 'லை' ஒருவிதம். பாட்டி கடிதத்திலுள்ள யானைத் துதிக்கை 'லை' வேறுவிதம். பாட்டியுடையதே அவனுக்குப் பிடித்திருந்தது.

செல்ல விரும்பும் அன்பர்கள் காலையிலேயே புறப்படுக. வனத்துறையார் அனுமதிக்கும் எல்லையைத் தாண்டலாகாது. மலைமேல் மழை பெய்தால், கீழே வெயிலடிக்கும்போதே ஓடையில் வெள்ளம் வந்துவிடும், பாறைகளும் வழுக்கும். குழந்தைகளை நீரில் இறக்க வேண்டாம். கட்டுச்சோறு கொண்டு செல்க. இலையையும் காகிதத்தையும் திரும்பக் கொண்டுவருக.