விளையாடாத பிள்ளைகளுக்கு என்ன பங்கு?

எங்கள் ஊரின் பெயரிலேயே ஒரு விளையாட்டு இருக்கிறது. 2022-இல் மாமல்லபுரத்தில் 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது, பழைய நண்பர்கள் சிலர் போன் செய்து, "என்ன சார், போட்டியை உங்க சதுரங்கப்பட்டினத்திலேயே வெச்சிருக்கலாமே" என்று கேலி செய்தார்கள். 180-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஆட்டக்காரர்கள் வந்தார்கள். வேட்டி கட்டிய குதிரை 'தம்பி' வழியெங்கும் கை கூப்பி நின்றார். நம் பக்கத்துக்குப் பெருமைதான். ஆனால் அந்தத் திருவிழா முடிந்தபின் ஒரு கேள்வி என்னை விடவில்லை. எந்த ஆட்டத்துக்கும் போகாமல், பள்ளிக்கூடம் விட்டதும் வாசற்படியில் கைப்பேசியோடு உட்கார்ந்துவிடும் பிள்ளைக்கென்று யாராவது ஒரு ரூபாய் ஒதுக்குகிறார்களா?

விளையாட்டுக்கே பணம் இல்லை என்று சொல்ல முடியாது. நான் ஊராட்சி ஒன்றிய அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். இந்தத் திட்டங்களில் சிலவற்றின் கோப்புகள் என் மேசை வழியாகத்தான் போயின. 2006-இல் வந்த அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் நூலகத்தோடு விளையாட்டு மைதானமும் உண்டு. 2008-09-இல் மத்திய அரசின் 'பைக்கா' வந்தது. மைதானத்தைச் சீர்செய்ய ஊராட்சிக்கு ஒரு முறை 1 லட்சம் ரூபாய், சாமான் வாங்க ஆண்டுக்கு 10,000, நடத்துகிற செலவுக்கு ஆண்டுக்கு 12,000. 2014-இல் அதன் பெயர் மாறியது, பிறகு கேலோ இந்தியா வந்தது. மாநில அரசு அம்மா இளைஞர் விளையாட்டுத் திட்டம் கொண்டுவந்தது. 2024-இல் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு, 12,000-க்கும் மேற்பட்ட ஊராட்சிகளுக்கு 33 வகைச் சாமான்கள், சுமார் 86 கோடி ரூபாய் செலவில். ஆட்சிகள் மாறினாலும் ஊராட்சிக்குப் பந்தும் மட்டையும் வருவது நிற்கவில்லை.

வந்த பந்து யார் கைக்குப் போகிறது என்பதுதான் விஷயம். எங்கள் தெருவில் ஒன்பதாவது படிக்கும் ஒரு பெண்ணிடம், "ஊராட்சியில் சாமான் வந்திருக்கிறதாமே, நீங்கள் போய் ஆடுவதுதானே?" என்று கேட்டேன். "அதெல்லாம் அண்ணனுங்க எடுத்துப்பாங்க தாத்தா. நாங்க போனா, இவங்களுக்கு இங்க என்ன வேலைன்னு பாப்பாங்க" என்றாள். அவள் கோபமாகச் சொல்லவில்லை. மழை வந்தால் நனைவோம் என்பதுபோல, இயல்பாகச் சொன்னாள். அதுதான் எனக்கு உறைத்தது.

அந்த அண்ணன்மார்களைக் குறை சொல்லவில்லை. அரசு கொடுக்காவிட்டாலும் அவர்கள் ஆளுக்கு இருபது ரூபாய் போட்டு டென்னிஸ் பந்து வாங்கிக் கடற்கரையில் ஆடிக்கொண்டுதான் இருப்பார்கள். ஏற்கெனவே ஓடுகிறவனுக்கு இன்னொரு மட்டை கிடைக்கிறது. ஓடாத பிள்ளை இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஒடிசலான பையன், உடம்பு கனத்த பெண், கால் ஊனமுள்ள பிள்ளை, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டிய அக்கா என இவர்கள் யாருமே மைதானத்துக் கணக்கில் வருவதில்லை.

இது நம் ஊர்க் கவலை மட்டுமல்ல. உலக சுகாதார நிறுவனம் 146 நாடுகளின் விவரங்களைத் திரட்டி 2019-இல் வெளியிட்ட ஆய்வில், 11 முதல் 17 வயதுவரை உள்ளவர்களில் 81 சதவீதம் பேருக்குப் போதிய உடலசைவு இல்லை என்று கண்டது. ஆண்பிள்ளைகளில் 78, பெண்பிள்ளைகளில் 85. வேண்டியதோ நாளுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் ஓடியாடுவதுதான். நம் காலத்தில் சடுகுடுவும் கிளித்தட்டும் நொண்டியும் பாண்டியும் எந்தத் திட்டமும் இல்லாமலே அந்த ஒரு மணி நேரத்தைக் கொடுத்தன. தெரு காலியாக இருந்தது, மாலை முழுக்க நமதாக இருந்தது. இன்று தெருவில் பைக்குகள் பறக்கின்றன, மாலையை டியூஷன் எடுத்துக்கொள்கிறது.

மாமல்லபுரத்துச் சிறுமி கமலியைப் பலர் அறிந்திருப்பீர்கள். கடற்கரைக் குடும்பத்துப் பெண், பலகையில் சறுக்கி ஆடுவதைப் பற்றி 2019-இல் அவள் பெயரிலேயே ஒரு குறும்படம் வந்து உலகமெல்லாம் பேசப்பட்டது. அவளுக்குக் கையில் ஒரு பலகை கிடைத்தது, சொல்லிக்கொடுக்க ஆள் கிடைத்தது, கூடவே நின்ற ஒரு தாய் இருந்தார். இந்த மூன்றும் சேராத பெண்கள் நம் குப்பங்களில் எத்தனை பேர்! அவர்கள் சாம்பியன் ஆக வேண்டியதில்லை. மூச்சு வாங்க ஓடி, சிரித்து, பசியோடு வீட்டுக்கு வந்தால் போதும்.

ஆகவே பணத்தைச் சாமானுக்குக் கொடுப்பதைவிட ஆளுக்குக் கொடுப்பது முக்கியம் என்பது என் கட்சி. பைக்காவை வகுத்தவர்களுக்கும் இது தெரிந்திருந்தது. 'கிரீடாஸ்ரீ' என்று ஊரிலேயே ஒருவரை வைத்து, சின்ன மதிப்பூதியம் கொடுக்கச் சொன்னார்கள். நான் பார்த்த ஒரு கிராமத்தில், பெயர் வேண்டாம், சாமான் எல்லாம் பூட்டிய அறையில் கிடந்து வலை எலிக்குப் போயிற்று. பதிவேட்டில் மட்டும் இருப்பு சரியாக இருந்தது. இன்னொரு கிராமத்தில் சத்துணவுக் கூடத்து அம்மா ஒருவர் இரண்டு கம்பு நட்டு, கயிறு கட்டி, ஒரு ரப்பர் வளையத்தை வைத்துக்கொண்டு சாயங்காலம் பதினைந்து பெண்களை வளையப்பந்து ஆட வைத்தார். செலவு நூறு ரூபாய்கூட இருக்காது. அவர் நின்றதால் அம்மாமார்கள் தைரியமாக அனுப்பினார்கள். அவர் பணி மாறிப் போன பிறகு கம்பு மட்டும் நின்றது.

இங்கிலாந்தில் ஸ்போர்ட் இங்கிலாந்து என்ற அமைப்பு உள்ளூர்க் குழுக்களுக்கு 300 பவுண்டிலிருந்து 15,000 பவுண்டுவரை சிறு மானியம் தருகிறது. அதிகம் அசையாதவர்களுக்கும், ஏழைகளுக்கும், ஊனமுற்றவர்களுக்கும் வேலை செய்யும் குழுக்களுக்கே முன்னுரிமை. நமக்கும் வழி இல்லாமல் இல்லை. நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு தருகிறது. மைதானத்துக்கு ஒரு விளக்கு, பெண்களுக்கு ஒரு கழிப்பறை என்று கேட்கலாம். கழிப்பறை இல்லாத மைதானத்துக்கு எந்தப் பெண் வருவாள்?

ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அடுத்த அக்டோபர் 2 கூட்டத்துக்கு மூன்று கோரிக்கைகளை எழுதி வைத்திருக்கிறேன். சாமான் அறையின் சாவி யாரிடம் இருக்கிறது, எத்தனை மணிக்குத் திறக்கும் என்று பலகையில் எழுத வேண்டும். வாரத்தில் இரண்டு மாலை பெண்பிள்ளைகளுக்கு என்று ஒதுக்க வேண்டும். அந்த இரண்டு மாலையும் நிற்க ஊரிலேயே ஒரு பெண்மணிக்கு மாதம் ஒரு தொகை வேண்டும். ஊராட்சியால் முடியாவிட்டால், ஓய்வூதியம் வாங்கும் நாங்கள் ஆறேழு பேர் பாகம் போடத் தயார். பேசிவிட்டோம்.

உங்கள் ஊரில் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். நம் வயதில் ஓட முடியாது, கேட்க முடியும்.