வாயப்பயம்



பேத்திக்குப் போன வாரம் 2 வயது முடிந்தது. அவள் வாசற்படி தாண்டியதற்கு ஆச்சி கொழுக்கட்டை அவித்ததை முன்பே எழுதியிருக்கிறேன். இப்போது ஓயாத பேச்சு. ழகரம் மட்டும் வரவில்லை.

நேற்று, "தாத்தா, வாயப்பயம்" என்றாள். விடுவேனா? "வாழைப்பழம்" என்று நாக்கை மடித்துக் காட்டினேன். உற்றுப் பார்த்தவள், விரலை உள்ளே விட்டு என் நாக்கைப் பிடித்து இழுத்துவிட்டாள்! "36 வருஷமா உங்க பிள்ளைங்க செய்ய நினைச்சதை இவ செஞ்சிட்டா" என்று ஆச்சிக்கு ஒரே சிரிப்பு.

சாயங்காலம் கடையில், "ஒரு சீப்பு வாயப்பயம்" என்று என் வாயிலேயே வந்துவிட்டது. கடைக்காரர் சாதாரணமாக எடுத்துக் கொடுத்தார். இந்த வேலூர்ப் பக்கம் பலர் வீட்டுப் பேச்சே அதுதானே.

அப்போதுதான் அவன் ஞாபகம் வந்தது. எட்டாம் வகுப்பு, கடைசி பெஞ்சு. "மயை பேஞ்சுது ஐயா" என்றான். வகுப்பே சிரித்தது. பாடவேளை முடியும் வரை நிற்க வைத்தேன். அதன் பிறகு என் வகுப்பில் அவன் வாயே திறக்கவில்லை. நெல்லையில் பிறந்த நானும் கல்லூரி போகும்வரை 'வாளப்பளம்' என்றுதான் சொன்னேன். அதை எந்த வகுப்பிலும் சொன்னதில்லை.

இதைப் படித்தால் ஒரு நாள் வீட்டுக்கு வா, தம்பி.

வெளியே தூறல். பேத்தி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு "மயை, மயை" என்று குதிக்கிறாள்.