தெய்வம் ஆடிய அம்மாமாருக்கு



மட்டக்களப்பின் தன்னாமுனையிலிருந்து எழுதுகிறேன். எங்களுடையது வேதக்காரர் ஊர். சூசையப்பர் கோயிலில் முழந்தாட்படியிட்டு வளர்ந்தவள் நான். புன்னைச்சோலையிலும் வாவிக்கரை ஊர்களிலும் காளிக்கும் பேச்சிக்கும் மாரிக்கும் தெய்வம் ஆடிய உங்களுக்கு, பெயர் பெயராகத் தெரியாவிட்டாலும், எல்லோர் முன்னிலையிலும் நன்றி சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

1990 செப்டம்பரை இந்தக் கரை மறக்காது. 5ஆம் திகதி, வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்தவர்களில் 158 பேர் பிடித்துச் செல்லப்பட்டார்கள். 9ஆம் திகதி, எங்களுக்குப் பக்கத்துச் சத்துருக்கொண்டான், கொக்குவில், பனிச்சையடி, பிள்ளையாரடி ஊர்களிலிருந்து இராணுவ முகாமுக்குக் கொண்டுபோகப்பட்ட 184 பேர் திரும்பவேயில்லை. அதற்குப் பிறகும் ஒவ்வொரு சுற்றிவளைப்பிலும் யாராவது ஒரு வீட்டுப் பிள்ளை போனது. முகாம் வாசலில் போய்ப் பிள்ளை எங்கே என்று கேட்டால், அப்படி ஒருவரை நாங்கள் பிடிக்கவில்லை என்பார்கள். உரத்துக் கேட்டால் வீட்டில் மிஞ்சியிருக்கும் பிள்ளைக்கும் ஆபத்து. வாய்விட்டு அழவும் பயந்த காலம் அது.

அந்தக் கேள்வியை ஏற்றுக்கொண்டவர்கள் நீங்கள். சடங்கு தொடங்கிப் பறைமேளம் உச்சிக்கு ஏறும்போது, வேப்பிலைக் கொத்தும் சிலம்புமாக ஆடி வருவீர்கள். கூட்டத்தில் ஒரு தாயின் முன்னால் வந்ததும் கால் நின்றுவிடும். மஞ்சள் பூசிய கையால் அவள் நாடியைப் பிடித்து, "ஏன் மனே அழுறாய்?" என்று கேட்பீர்கள். முகாமில் சொல்ல விடாத மகனின் பெயரை அவள் அங்கே சொல்வாள், ஊர் கேட்கச் சொல்வாள். பிறகு வாக்கு வரும். உயிரோடு இருக்கிறான், கும்பிட்டுக்கொண்டு இரு என்பீர்கள். சிலருக்கு, இனிப் பார்த்திருக்காதே, செய்ய வேண்டியதைச் செய் என்பீர்கள். திருநீற்றைப் பூசும்போது உங்கள் கண்ணிலும் நீர் வழியும். காலையில் சூசையப்பருக்கு மெழுகுதிரி கொளுத்திய எங்கள் ஊர்த் தாய்மாரும் அந்தக் கூட்டத்தில் நின்றார்கள். எந்தக் கோயில்காரி என்று நீங்கள் கேட்கவில்லை. அதற்கே தனியாக ஒரு நன்றி.

தாருகன் என்ற அசுரனை வென்ற போர்த் தெய்வம் என்றுதான் காளியைச் சொல்வார்கள். ஆயுதம் எடுத்தவர்கள் எல்லாப் பக்கமும் நிறைந்திருந்த நாட்டில், பிள்ளையைத் தேடும் தாயின் பக்கம் நின்று போரிட அவள் உங்கள் உடம்பைக் கேட்டாள் என்று நான் நம்புகிறேன். இது எங்கள் கரையில் மட்டும் உள்ளதல்ல. இந்தியாவின் மணிப்பூரில் மைத்தேயி மக்கள் பாந்தோய்பி என்ற பெண் போர்த் தெய்வத்தை வணங்குகிறார்கள். அங்கும் அமைபி எனப்படும் பெண் பூசாரிகள் மீது தெய்வம் ஏறி வாக்குச் சொல்வதுண்டு. வீரத்துக்குப் பெண் வடிவம் கொடுத்த மக்கள், அந்த வீரம் பேசுவதற்கும் பெண்ணின் வாயையே நம்பியிருக்கிறார்கள்.

நீங்கள் செய்ததை வெளியுலகம் அறியாமலும் இல்லை. 1990களில் மட்டக்களப்பில் தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ், போரின் காயத்தை ஆற்றும் பணியாகவே உங்கள் வாக்கை எழுதினார். போர் முற்ற முற்ற இங்கே அம்மன் வழிபாடு பெருகியதையும், தீமிதித்து நேர்த்தி தீர்ப்பவர்கள் கூடியதையும் அவர் பதிவு செய்தார். அரசாங்கம் காணாமற்போனோருக்கென்று ஓர் அலுவலகத்துக்குச் சட்டம் இயற்றியது 2016இல். உங்கள் வாசல் அதற்குக் கால் நூற்றாண்டு முந்தியே திறந்திருந்தது. படிவம் இல்லை, சாட்சி கேட்கவில்லை, தவணை போடவில்லை.

உங்களில் பலர் இன்று இல்லை. இருப்பவர்களுக்கும் முதுமை வந்துவிட்டது. அந்தக் காலத்தின் வரலாற்றை எழுதுகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: ஆணைக்குழுக்களின் அறிக்கைகளோடு இந்த அம்மாமாரின் வாசலையும் எழுதுங்கள். மகனின் பெயரை அச்சமில்லாமல் சொல்ல எங்கள் தாய்மாருக்கு அன்று வேறு இடம் இருக்கவில்லை. அந்த இடத்தைத் தந்த உங்களுக்கு எங்கள் ஊர் கடமைப்பட்டிருக்கிறது.


தன்னாமுனை மகள் ஒருத்தி