சார்ஜர் வாங்கப் போனேன்

வெண்டைக்காய் வாங்கினால் நுனியை ஒடித்துப் பார்க்கிறோம். தேங்காயைத் தட்டிப் பார்க்கிறோம். காதருகே வைத்து ஆட்டியும் பார்க்கிறோம். மண்பானையைக்கூடச் சுண்டிப் பார்த்துத்தான் எடுக்கிறோம். சார்ஜரை என்ன செய்து பார்ப்பது? எதைத் தட்டினாலும் ஒரே பிளாஸ்டிக் சத்தந்தான் வருகிறது.

இந்த ஆராய்ச்சியில் நான் இறங்கியதற்குக் காரணம் என் தாயார். வயது 78, காது மந்தம். சென்ற ஆண்டு காது மெஷின் வாங்கினோம். பகலெல்லாம் காதில் இருக்கும். இரவில் ஒரு சின்னப் பெட்டிக்குள் படுத்துக்கொண்டு சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். நடுராத்திரியில் விழித்தால் அம்மா இருட்டில் கையால் தடவி முதலில் தேடுவது அந்தப் பெட்டியைத்தான். அதனுடன் யூ.எஸ்.பி. கம்பி கொடுத்தார்கள், சுவரில் செருகும் சார்ஜர் கொடுக்கவில்லை. இப்போது பல சாமான்கள் இப்படித்தான் வருகின்றன. 2020-இல் ஆப்பிள் கம்பெனி ஐபோன் பெட்டியிலிருந்து சார்ஜரை எடுத்துவிட்டது. சுற்றுச்சூழலைக் காப்பதற்காக என்றார்கள். தங்கள் பணப்பையையும் சேர்த்துக் காத்துக்கொண்டார்கள் என்பது என் அபிப்பிராயம்.

மூலக்குளத்தில் வில்லியனூர் சாலையில் ஒரு கடைக்குப் போனேன். கடைப் பையன் இரண்டை எடுத்து வைத்தான். ஒன்று 90 ரூபாய். மற்றொன்று 500-க்குச் சற்று மேல்.

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம், தம்பி?"

"பேருதாண்ணே. ரெண்டும் அஞ்சு வோல்ட்தான் குடுக்கும்."

பொய் சொல்லவில்லை. ஆனால் சார்ஜரின் வேலையில் பாதியைத்தான் சொன்னான். சுவரில் இருப்பது 230 வோல்ட்; நம் கைக்கு வரும் கம்பியில் 5 வோல்ட். நடுவே, அந்தச் சிறு டப்பாவுக்குள், ஒரு குட்டி டிரான்ஸ்பார்மர். அதிலுள்ள இரண்டு கம்பிச் சுருள்களும் ஒன்றையொன்று தொடுவதில்லை. சக்தி காந்தத்தின் வழியாகத் தாவுகிறது. நல்ல சார்ஜரில் இரண்டு பக்கத்துக்கும் இடையே சில மில்லிமீட்டராவது இடம் விட்டு, சுருள்களுக்கு நடுவே காப்பு நாடாவும் சுற்றியிருப்பார்கள். மலிவுச் சரக்கில் மிச்சம் பிடிப்பது அங்கேதான். அந்தத் தடுப்பு விட்டுப்போகும் வரையில் அதுவும் ஒழுங்காக 5 வோல்ட்தான் கொடுக்கும். விட்டுப்போனால், இருட்டில் தடவும் கைவரை 230 வோல்ட் வந்துவிடும்.

2013-இல் சீனாவில், சார்ஜில் இருந்த போனை எடுத்த இளம்பெண் ஒருத்தி மின்சாரம் தாக்கி இறந்ததாகச் செய்தி வந்தது. அடுத்த மாதமே ஆப்பிள் கம்பெனி, பிறர் செய்த சார்ஜரைக் கொடுத்தால் தன்னுடையதை 10 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. 2016-இல் பிரிட்டனின் வர்த்தகத் தர அதிகாரிகள், பல நாடுகளில் வாங்கிய 400 போலி ஆப்பிள் சார்ஜர்களின் சோதனை முடிவை வெளியிட்டார்கள். மின்அதிர்ச்சியைத் தடுக்கும் அளவுக்குக் காப்பு இருந்தவை மூன்றே மூன்று.

அம்மாவுக்கு வேறு பயம். "இத்தினியூண்டு மெஷினுக்கு 2 ஆம்பியர் சார்ஜரா? வெந்து போயிடாதாப்பா?" பலருக்கும் இந்தப் பயம் உண்டு, தேவையில்லாத பயம். பந்தியில் பரிமாறுகிறவர் கையில் வாளி நிறைய சாம்பார் இருக்கலாம். இலைக்கு வேண்டியதைத்தானே வாங்கிக்கொள்கிறோம்? ஆம்பியரும் அப்படித்தான். வோல்ட் பொருந்த வேண்டும், அவ்வளவுதான். வேகமாக ஏற்றும் புதிய சார்ஜர்கள் 9, 20 வோல்ட்கூடக் கொடுக்கும். எதிரே உள்ள கருவி கேட்டால்தான் கொடுக்கும்.

உடைத்துப் பார்க்க முடியாத நமக்கு ஒரு வழி இருக்கிறது. மத்திய அரசின் உத்தரவுப்படி, இந்த அடாப்டர்களை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் பதிவு செய்துதான் விற்கவேண்டும். சார்ஜரின் மேல் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தும் எட்டு இலக்கங்களும் இருக்கும். பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த எண்ணைத் தட்டினால், செய்தவர் பெயரும் சாமானும் வரும்.

90 ரூபாய்ச் சார்ஜரில் எண்ணே இல்லை. ஐரோப்பாவின் 'சி.இ.' முத்திரை மட்டும் பளபளத்தது. அச்சடிப்பதற்கு என்ன செலவு? 500 ரூபாய்ச் சார்ஜரின் எழுத்து எறும்புக் காலைப் போல் இருந்தது. போனில் படம் பிடித்துப் பெரிதாக்கித்தான் படித்தேன். பெயரும் பொருளும் பொருந்தின. பையனுக்கு ஆர்வம் வந்துவிட்டது. "அண்ணே, இதையும் பாருங்க" என்று ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினான். ஒன்றில் எண் இருந்தது. தட்டினால் வேறு யாரோ செய்த வேறு ஏதோ சாமான் வந்தது. இதற்கு எண் இல்லாததே தேவலை.

நான் பணம் கொடுத்தேன். அவன் 90 ரூபாய்ச் சார்ஜரை மறுபடியும் கொக்கியில் மாட்டினான்.

"இன்னும் அதை விப்பியா?"

"மொதலாளி கடைண்ணே" என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.